இடிதாங்கியின் மூன்றாவது ஆல்பம்

இடிதாங்கி என்று ஒரு ராக் குழு. நான்கு பேர், நாற்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பாடுகிறவர் பாலர் பள்ளி டீச்சர். வாரம் முழுக்க முப்பது பிள்ளைகளிடம் அடக்கி வைத்த கத்தலையெல்லாம் சனிக்கிழமை மைக்கில் கொண்டுவந்து கொட்டுவார். டிரம்ஸ் பேக்கரிக்காரர். மாவு பிசைந்து உரமேறிய கை. வருஷத்துக்கு ஆறு டிரம் தோலாவது கிழியும். லீட் கிட்டார், மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அத்தான். பேஸ் கிட்டார் வாசிக்கும் லிஃப்ட்காரனுக்குத்தான் அவர் அக்கா புருஷன், ஆனால் அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குழுவுக்கே அத்தானாகிவிட்டார். பேக்கரிக்காரர் அவரைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்.

லிஃப்ட்காரன் என்றால் லிஃப்டை ஓட்டுகிறவன் இல்லை, பழுது பார்க்கிறவன். ஓடுகிற லிஃப்டைப் பார்த்து உலகத்தில் எவனும் கைதட்டியதில்லை. பேஸ் கிட்டாரும் கிட்டத்தட்ட அதே உத்தியோகம்தான். இருபத்திரண்டு வருஷமாக அவன் அத்தானுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று வாசித்துக்கொண்டிருந்தான், அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

இடிதாங்கியின் முதல் ஆல்பத்தைச் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் ராக் இசை வட்டாரத்தில் எல்லோரும் நடுங்கும் ஒரு விமர்சகர். 'கசாப்பு' என்றால்தான் அவரைத் தெரியும். அவர் இடிதாங்கியைப் பற்றி எழுதியது ஒரே ஒரு சொல்: 'நீளம்.' முற்றுப்புள்ளி கூட மறக்காமல் வைத்திருந்தார்.

அது யாரைக் குறித்த சொல் என்பதில் குழுவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அத்தான் லீட் வாசிக்க ஆரம்பித்தால் டீச்சர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் பேசிவிட்டு வரலாம். அது போதாதென்று, பதிவு செய்ததை வீட்டில் போட்டுக் கேட்பார். கேட்டால் திருப்தி வராது. மறுபடி வாசிக்க வேண்டும் என்பார். இரண்டாவது ஆல்பம் அப்படியே மூன்று வருஷம் இழுத்தது. அதனால் மூன்றாவது ஆல்பத்துக்கு ஒரு விதி போட்டார்கள். பதிவு முடிந்த நாளிலிருந்து வெளியாகும் நாள் வரை அத்தான் எதையும் கேட்கக் கூடாது. நான்கு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, கடைசி ஓகேயை ஒரே ஆள் சொல்ல வேண்டும், அந்த ஆள் லிஃப்ட்காரன். அத்தானே இதற்கு ஒப்புக்கொண்டு, மெத்தைக் கடை பில் ஒன்றின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லிஃப்ட்காரனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. 'வண்டியில கேட்டு நல்லா இருந்தா எங்கேயும் நல்லா இருக்கும்' என்பது பேக்கரிக்காரரின் கட்சி. நான்கு பேரில் நாள் முழுக்க வண்டியில் திரிகிறவன் அவன் ஒருவன்தான். கம்பெனி கொடுத்த பழைய வேன், பின்னால் கம்பிவடமும் கிரீஸ் டப்பாவும். அந்த வேனில் இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்து மூன்று வருஷமாகியிருந்தது. ஒரு நாள் கதவில் கிரீஸ் டப்பா கவிழ்ந்தது, அத்தோடு அது வாயை மூடிக்கொண்டது. அவனுக்கு அது பழகிப் போய்விட்டது. பல் ஒன்று போனால் நாக்கு கொஞ்ச நாள் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடுமே, அப்படி.

ஆல்பத்தின் பெயர் 'இரும்புக் கதவு'. பதினோரு பாட்டு. டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. அங்கிருந்த சவுண்ட் இன்ஜினியர் நல்ல வேலைக்காரர், எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்குகிறவர். டீச்சர் பாடிக்கொண்டே வாசிக்கும் ரிதம் கிட்டாரை வலது பக்கம் வைத்தார், லீட் கிட்டாரை இடது பக்கம் வைத்தார், மற்றதை நடுவில் வைத்தார். ஹெட்போன் மாட்டினால் அத்தான் இடது காதுக்குள் நின்று வாசிப்பார். அவர் லீட் வாசிக்கும் இடங்களில் ரிதம் நின்றுவிட வேண்டும், பேஸும் டிரம்ஸும் மட்டும் அடக்கமாகக் கூட வர வேண்டும் என்பது அத்தானின் நிபந்தனை. ஏழாவது பாட்டில் அப்படி இரண்டு நிமிஷம் பத்து செகண்ட். பேக்கரிக்காரர் ஓரமாக டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருப்பார், லிஃப்ட்காரன் ஒரே சுரத்தில் நடந்துகொண்டிருப்பான், அத்தான் வானத்துக்கும் பூமிக்குமாகப் பறப்பார்.

கடைசி நாளன்று பேஸ் ஏதோ கமறுகிறது என்று லிஃப்ட்காரன் சொன்னான். இன்ஜினியர் அதைச் சரி பார்ப்பதற்காக லீட் கிட்டார் முழுவதையும் ஊமையாக்கி வைத்துக்கொண்டு பேஸை மட்டும் கவனித்தார். கமறலை எடுத்தார். நிம்மதியாகக் காப்பி குடித்தார். வந்து உட்கார்ந்து பதினோரு பாட்டையும் இறுதி ஃபைலாக மாற்றி அனுப்பினார். ஊமையாக்கியதைத் திறந்துவிட மறந்துபோனார்.

லிஃப்ட்காரன் வேனில் போட்டுக் கேட்டான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டான். பேஸ் கமறவில்லை. டீச்சரின் குரல் கண்ணாடியை உடைக்கும்போல இருந்தது. லீட் எங்கே என்று அவன் யோசிக்கவே இல்லை. லீட் இடது பக்கம் இருக்கும். இடது பக்கம் ஸ்பீக்கர் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. 'அருமை. ஓகே' என்று இன்ஜினியருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆல்பம் வெளியான அன்று காலை பத்து மணிக்கு அவனுக்குப் போன் வந்தது. அப்போது அவன் லிஃப்ட் குழிக்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, மூணாவது பாட்டுல நான் எங்கே?" என்றார் அத்தான்.

"இடது பக்கம் அத்தான்."

"அஞ்சாவது பாட்டுல?"

"அதுலயும் இடது பக்கம்தான்."

"சரி," என்றார் அத்தான். போனை வைத்துவிட்டார்.

அந்த 'சரி' அவனை என்னவோ செய்தது. குழியிலிருந்து ஏறி, கையைத் துடைத்து, கட்டடத்துக் காவலாளியிடம் இயர்போனை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டான். மூன்றாவது பாட்டு. இடது காது. அங்கே பேஸ் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, டீச்சர்கூட இருந்தார். அத்தான் இல்லை. ஐந்தாவது பாட்டிலும் இல்லை. ஏழாவது பாட்டில் இரண்டு நிமிஷம் பத்து செகண்ட் டிக் டிக் என்று ஒரு சத்தமும், அதன் அடியில் தன்னந்தனியாக ஒரு பேஸும். யாரோ வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போன பிறகு சுவர்க்கடிகாரம் ஓடுகிற மாதிரி இருந்தது.

இன்ஜினியரைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மவுஸ் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, லீடை மியூட்ல போட்டுட்டு எடுக்க மறந்துட்டேன் போல," என்றார் இன்ஜினியர். அழுகிற குரலாக இருந்தது. உடனே இன்னொன்றும் சொன்னார். "ஆனா நீங்க கேட்டுட்டுத்தானே ஓகே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அருமைன்னு வேற போட்டிருந்தீங்க."

"போட்டிருந்தேன்."

ஆல்பத்தைச் சாயங்காலத்துக்குள் இறக்கிவிட்டு, சரியான ஃபைலை ஏற்றிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அத்தானைக் கடையில் போய்ப் பார்த்துக் காலில் விழுந்துவிடுவது என்று லிஃப்ட்காரன் தனியாக ஒரு முடிவு செய்தான். விழுந்தும் இருப்பான். ஆனால் இரண்டு மணிக்குக் கசாப்பின் விமர்சனம் வந்துவிட்டது.

நான்கு பக்க விமர்சனம். வெட்டுவதற்காகவே பிறந்த மனிதர் ஆளே மாறிப் போயிருந்தார். 'இருபது ஆண்டுகளாக இந்த இசையில் எல்லோரும் அதிகம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இடிதாங்கியின் கிட்டார் கலைஞர் ஒருவர்தான் வாசிக்காமல் இருக்கத் துணிந்தவர். தனிவாசிப்புக்கென்று மேடை போட்டு, விளக்கேற்றி, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவர் வராமலேயே இருந்துவிடுகிறார். ஏழாவது பாட்டின் அந்த இரண்டு நிமிடங்களில் நான் என் வாழ்க்கையைப் பற்றி யோசித்தேன்' என்று எழுதியிருந்தார். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் முன்பே யோசித்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

விமர்சனத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு பாரா இருந்தது. 'அந்த வெறுமைக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார் நடக்கிறது. இவ்வளவு நாள் இதை நாம் கேட்காமல் இருந்தோமா?' என்று தொடங்கி, பதினோரு வரி. லிஃப்ட்காரன் அதை வேனில் உட்கார்ந்து படித்தான். குழிக்குள் இறங்கிப் படித்தான். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு படித்தான். உச்சி குளிர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக அவன் வாசித்ததை ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான்கு பேரும் பேக்கரிக்குப் பின்னால் இருந்த மாவுக் குடோனில் கூடினார்கள். ஒத்திகை நடப்பதும் அங்கேதான். அத்தான் வருவதற்கு முன்பே லிஃப்ட்காரன் நடந்ததை மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டான். பேக்கரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். டீச்சர் பிள்ளைகளிடம் பேசுகிற நிதானத்தில் பேசினார்.

"யார் ஓகே சொன்னது?"

"நான்தான்."

"அப்ப அவர்கிட்ட யார் சொல்லணும்?"

"நான்தான்."

"நல்ல பிள்ளை. நாங்க வாயே திறக்க மாட்டோம். நீயே சொல்லு."

அத்தான் வந்தார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "நல்லா வந்திருக்கு," என்றார். "நீங்க மூணு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு சரிதான். எங்கிட்டயே நேராச் சொல்லியிருக்கலாம், பரவாயில்ல."

லிஃப்ட்காரன் வாயைத் திறந்தான். மூன்றாவது பக்கத்துப் பாரா அவன் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது, அச்செடுத்து வைத்திருந்தான். வாயை மூடிக்கொண்டான். டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் பெஞ்சுமேல் ஏறி நின்றிருப்பார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் இடிதாங்கிக்கு நல்ல காலம். ஒருவர் எழுதினால் ஒன்பது பேர் எழுதுவார்கள், விமர்சன உலகம் அப்படித்தான். 'மௌனத்தின் பேரிரைச்சல்' என்று ஒருவர் எழுதினார். 'கிட்டாரைத் துறந்த துறவி' என்று இன்னொருவர். ஏழாவது பாட்டை மட்டும் லட்சக்கணக்கில் கேட்டார்கள், டிக் டிக் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். சரியான ஃபைலை ஏற்றும் பேச்சை இன்ஜினியர் எடுக்கவே இல்லை, அவருக்குப் புதிதாக நான்கு குழுக்கள் வேலை கொடுத்திருந்தன. அத்தானை வானொலிக்குக் கூப்பிட்டார்கள்.

"வாசிக்காம இருக்கறதுக்கு எப்படிப் பழகினீங்க?" என்று கேட்டார் வானொலிக்காரர்.

"நான் மெத்தை விக்கிறவன்," என்றார் அத்தான். "படுத்த ஆளைப் பேசாம விட்டுடணும். அதுதான் தொழில்."

அதையும் ஒருவர் கவிதை மாதிரி வரிவரியாகப் பிரித்து எழுதிப் பரப்பினார். மாதக் கடைசியில், ஆண்டின் சிறந்த கிட்டார் கலைஞர் பட்டியலில் அத்தான் பெயர் வந்தது. ஒரு சுரம்கூட லீட் வாசிக்காத ஆல்பத்துக்கு.

அந்த வாரம் வியாழக்கிழமை அக்கா லிஃப்ட்காரனுக்குப் போன் பண்ணினாள்.

"உங்க அத்தான் பாத்திரம் தேய்க்கிறார்டா."

"நல்லதுதானே அக்கா."

"நல்லதா? ஒரு முணுமுணுப்பு கூட இல்லாம தேய்க்கிறார். மேசையில விரலால தட்டறதில்ல. சீப்பை வெச்சு வாசிக்கிறதில்ல. கிட்டாரை உறையில போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளி மூணு வாரமாச்சு." அக்காவின் குரல் இறங்கியது. "விக்கப் போறார்டா. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஆள் பார்க்க வர்றானாம்."

லிஃப்ட்காரன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"இருபத்திரண்டு வருஷமா அந்தச் சத்தத்தை நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன்," என்றாள் அக்கா. "நிறுத்திட்டார். எனக்கு இந்த வீட்டுல உட்காரப் பிடிக்கல. என்ன பண்ணித் தொலைச்சீங்க எல்லாரும் சேர்ந்து?"

"எல்லாரும் இல்லக்கா," என்றான் லிஃப்ட்காரன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மெத்தைக் கடைக்குப் போனான். நீளமான கடை, நாற்பது கட்டில், சன்னமான குளிர். சாப்பாட்டு நேரம் என்பதால் கூட்டம் இல்லை. கதவோரக் கட்டிலில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாங்குகிற உத்தேசம் எதுவும் முகத்தில் இல்லாமல், அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தான் கழுத்தில் கடை அடையாள அட்டையும் கையில் பில் புத்தகமுமாக நின்றிருந்தார்.

"பேசணும் அத்தான்."

"வேலை நேரத்துல சொந்தக்காரங்களோட நின்னு பேசக் கூடாது. மேனேஜர் கேமராவுல பார்ப்பார்." அத்தான் கொஞ்சம் யோசித்தார். "வாடிக்கையாளர்னா பேசலாம். படு."

லிஃப்ட்காரன் படுத்தான். அது இருவர் படுக்கும் மெத்தை. ஒருவர் புரண்டால் அடுத்தவருக்குத் தெரியாது என்பது அதன் பெருமை. அதைக் காட்ட வேண்டுமென்றால் இன்னொருவரும் படுத்தாக வேண்டும். அத்தான் பக்கத்தில் படுத்து, கடமைக்கு ஒரு தடவை புரண்டார்.

"தெரிஞ்சுதா?"

"தெரியல அத்தான்."

"நல்ல மெத்தை," என்றார் அத்தான். இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"அத்தான், நாங்க யாரும் முடிவு பண்ணல," என்றான் லிஃப்ட்காரன். கூரையைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது. "இன்ஜினியர் லீடை மியூட் பண்ணிட்டு எடுக்க மறந்துட்டார். நான் வேன்ல கேட்டேன். வேன்ல இடது ஸ்பீக்கர் செத்து மூணு வருஷமாச்சு. நீங்க இடது பக்கம் இருப்பீங்கன்னு நினைச்சு ஓகே சொல்லிட்டேன். நான் சொல்ற வரைக்கும் டீச்சருக்கும் பேக்கரிக்காரருக்கும் ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நான்தான்."

அத்தான் ரொம்ப நேரம் அசையவில்லை. அசைந்திருந்தாலும் அந்த மெத்தையில் தெரிந்திருக்காது.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்," என்றான் இவன். "அதுக்குள்ள அந்த விமர்சனம் வந்துடுச்சு. பேஸைப் பத்தி ஒரு பாரா போட்டிருந்தான். பதினோரு தடவை படிச்சேன். அதை விட மனசு வரல அத்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நானும் அந்தப் பாராவைப் படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்கான். நீ நல்லா வாசிச்சிருக்கே. நான் வாசிக்கும்போது எனக்கே அது கேட்டதில்ல," என்றார் அத்தான். "ஆனா ஒண்ணு சொல்றேன் மாப்ளே. நீங்க மூணு பேரும் உட்கார்ந்து பேசி, இந்த ஆள் தொல்லை தாங்கல, தூக்கிடலாம்னு முடிவு பண்ணியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அதுக்காவது என்னைப் பத்தி நீங்க பேசியிருக்கணும். பதினோரு பாட்டு. மூணு தடவை கேட்டிருப்பே. எப்பவும் மூணு தடவை கேப்பே நீ. முப்பத்து மூணு பாட்டுல நான் இல்ல. உனக்குத் தெரியவே இல்ல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் லிஃப்ட்காரன் தாங்கியிருப்பான். விலைப்பட்டியல் படிக்கிற குரலில் சொன்னார்.

"இல்லைன்னு தெரியல அத்தான், ஏன்னா எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீங்க வாசிச்சது. அந்த இடம் வந்தா எனக்குள்ள அது பாட்டுக்கு ஓடும். ஸ்பீக்கர்ல வருதா, மண்டையில வருதான்னு நான் பார்க்கல. நல்லா இருந்துச்சு. அதான் அருமைன்னு போட்டேன்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதே."

"சத்தியமா."

"ஏழாவது பாட்டு," என்றார் அத்தான். "பாடு."

லிஃப்ட்காரன் பிறந்ததிலிருந்து யார் முன்னாலும் பாடியதில்லை. டீச்சர் அவனுக்கு மைக்கே கொடுக்க மாட்டார், அதற்குக் காரணம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். டொய்ங் என்று ஆரம்பித்தான். முதலில் மெல்ல ஏறியது, பிறகு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றது, அங்கிருந்து திடீரென்று தாவியது. மேலே போகும்போது குரல் பிசிறி, சகிக்கவில்லை. அவன் நிறுத்தவில்லை. பாதி தாண்டியதும் ஓரிடத்தில் ஒரு சுரம் தடுக்கி வேறொன்றில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் அழுத்தி நின்று, பிறகு மெதுவாக எழுந்து, வந்த வழிக்குத் திரும்பியது. கதவோரப் பெரியவர் விழித்துக்கொண்டு, படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு நிமிஷத்துக்கும் மேலேயே பாடினான். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது அத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் ஸ்டுடியோவுல வாசிச்சது இது இல்ல."

லிஃப்ட்காரன் கண்ணை மறுபடி மூடிக்கொண்டான். கடைசியில் இதிலும் கோட்டை விட்டாயிற்று.

"ஸ்டுடியோவுல வாசிச்சது வேற," என்றார் அத்தான். "ரெண்டு மாசம் எண்ணி எண்ணிப் பழகினது. ஒரு தப்பு கிடையாது அதுல. இது..." அவர் பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தார். "ஒரு நாள் மழை. அவங்க ரெண்டு பேரும் வரல. குடோன்ல நீயும் நானும் மட்டும் இருந்தோம். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமேன்னு வாசிச்சேன்."

"ஆமா. அதானே ஏழாவது பாட்டு?"

"அது ஒரே ஒரு தடவை வாசிச்சது மாப்ளே. யாரும் பதிவு பண்ணல. திருப்பி வாசிக்கலாம்னு பார்த்தேன், வரல, விட்டுட்டேன். நானே மறந்துட்டேன் அதை."

"அப்படியா?" என்றான் லிஃப்ட்காரன். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. "நான் இதுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அதுக்கப்புறம் நீங்க எதை வாசிச்சாலும் எனக்கு இதுதான் கேக்குது."

"நடுவுல ஒரு இடத்துல விழுந்து நிப்பே பாரு."

"அந்த இடம்தான் அத்தான் இருக்கறதுலயே நல்லா இருக்கும்."

"அது தப்பு. விரல் வழுக்கிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம அங்கேயே நின்னேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றான் லிஃப்ட்காரன். "வேன்ல அந்த இடம் வந்தா சில நாள் வண்டியை ஓரமா நிறுத்திடுவேன்."

அத்தான் அழுதார். மெத்தை நனையக் கூடாது என்பது கடை விதி, அதனால் எழுந்து நின்றுகொண்டு அழுதார். லிஃப்ட்காரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், மெத்தையின் ஓரத்தில் தொங்கிய சீட்டில் எத்தனை வருஷ உத்தரவாதம் என்று படித்தான். பதினைந்து வருஷம். அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனை எடுத்தார்.

"நான்தான். ஞாயித்துக்கிழமை கிட்டார் பார்க்க ஒரு ஆள் வர்றதாச் சொன்னேனே, அவன்கிட்ட வர வேண்டாம்னு சொல்லணும்."

அக்காவின் குரல் கதவோரப் பெரியவர் வரைக்கும் கேட்டது.

"நேத்தே போன் பண்ணி, கிட்டார் ரெண்டா உடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். வேற வேலை இருந்தா பாருங்க."

அத்தான் போனைப் பையில் போட்டார். சட்டையைச் சரி செய்துகொண்டார். பில் புத்தகத்தில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து பாடு," என்றார். "மெதுவாப் பாடு, எழுதிக்கணும்."

"இன்னொரு தடவையா?" என்றார் கதவோரப் பெரியவர்.

லிஃப்ட்காரன் படுத்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.